கரும்பின் விலை

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. கள்ளக்குறிச்சி நகருக்கு மேற்கே அது நீண்டு கிடக்கின்றது. மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விதைப்பர், மரவள்ளி நடுவர், கடுக்காயும் புளியும் திரட்டிக் கொணர்ந்து கீழ்நாட்டில் விற்பர். அம்மலையிற் பெய்யும் மழையோ கீழ்நாட்டில் கரும்பாக விளைகின்றது. கோமுகி ஆறும் மணிமுத்தா நதியும் மலையிற் பிறந்து, இறங்கி, அணைகளில் தேங்கி, வாய்க்கால் வழியே வயல்களிற் பாய்கின்றன. வடக்கே சாத்தனூர் அணையினின்று தென்பெண்ணையாற்று நீர் வருகின்றது. இந்நீரும் கிணற்று நீரும் சேர்ந்து வளர்க்கும் கரும்பை அரைப்பதற்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இரண்டு உள்ளன. ஒன்று தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டில் இருக்கின்றது. மற்றொன்று கோமுகி அணைக்கு அணித்தாகக் கச்சிராயபாளையத்தில் இருக்கின்றது.

அரைவைப் பருவம் தொடங்கிவிட்டால் இவ்விரண்டு ஊர்களுக்கும் செல்லும் சாலைகளில் கரும்பு வண்டிகள் வரிசையாய்ச் செல்வதைக் காணலாம். வண்டியில் வரும் உழவர் தம் கரும்பைப் பற்றி எல்லாம் அறிவார். கரணை நட்ட நாள், உரமிட்ட தடவை, சோகை உரித்தவர்க்குக் கொடுத்த கூலி, வெட்டியவர்க்குக் கொடுத்த கூலி ஆகிய அனைத்தையும் விரல்விட்டுக் கூறுவார். கட்டைத் தூக்கிப் பார்த்தே எடையை ஏறக்குறையச் சொல்லிவிடுவார். ஆயினும் அக்கரும்பின் விலையை அவர் குறித்ததில்லை. அதற்காகப் பேரம் பேசியதுமில்லை. ஆலையின் அலுவலரும் அவ்விலையைத் தாமாகக் குறிப்பதற்கில்லை. அது புதுதில்லியில் குறிக்கப்படுகின்றது. சென்னையில் அதன்மேற் சிறிது சேர்க்கப்படுகின்றது. கடல்கடந்த ஜெனீவா நகரில் அதுபற்றி வழக்கே நடந்திருக்கின்றது. கல்வராயன் மலையடிவாரத்தில் விளைந்த பயிரின் விலையை ஜெனீவாவில் வழக்காட வேண்டிய நிலை எவ்வாறு வந்தது?

கரும்பு தமிழர்க்குப் புதிய பயிரன்று. இன்று நூலாலை, நெல்லாலை, உருக்காலை என எத்தொழிலுக்கும் பொதுவாக வழங்கும் ‘ஆலை’ என்னும் சொல், பண்டைத் தமிழில் கரும்பு பிழிந்து பாகு காய்ச்சும் இடத்தைச் சிறப்பாகக் குறித்தது. கரும்பு பிழியும் எந்திரத்தின் ஓசையையும் ஆலையிற் சூழ்ந்த புகையையும் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்னும் செய்தி ஔவையார் பாடிய புறநானூற்றுச் செய்யுளொன்றிற் காணப்படுகின்றது. அதே செய்யுள் அதியமான் கோவலூரை வென்றதையும் குறிக்கின்றது. அக்கோவலூரே இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள திருக்கோவலூர். கரும்பின் வரவும் இந்நிலத்தின் பெயரும் ஒரே பாட்டில் அமைந்தமை மகிழ்தற்குரியது.

வெள்ளைச் சர்க்கரைக்குத் தமிழில் வழங்கும் பெயர்களும் ஆராயத்தக்கன. சர்க்கரை என்னும் சொல் வடமொழியில் முதலிற் பருமணலைக் குறித்தது. பின்னர் அரபு மொழி வழியே ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் சென்றது. சீனி என்பது சீன நாட்டின் பெயரோடு தொடர்புடையது. முதியோர் சிலர் ‘அஸ்கா’ என்பர். அஸ்கா என்பது ஓர் ஊர். அன்று சென்னை மாகாணத்தின் வட எல்லையிலும் இன்று ஒடிசாவிலும் உள்ளது. அங்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயங்கிய ஆலையின் சர்க்கரை, ஊர்ப்பெயராலேயே கடைகளில் விலைப்பட்டது. தென்னார்க்காட்டில் நெல்லிக்குப்பம் ஆலையும் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தோன்றிவிட்டது. பெயர்களே சர்க்கரை நெடுந்தொலைவு பயணம் செய்யும் பண்டம் என்பதைக் காட்டுகின்றன. அவ்வாறு பயணம் செய்யும் பண்டத்திற்கு ஒரு நாட்டு விலை என்பது நிலைப்பதரிது.

ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலானவற்றிற் கரும்பு விளையாது. ஆங்குள்ளோர் வெப்ப நாடுகளிலிருந்து கப்பலில் வரும் சர்க்கரையையே உண்டனர். 1747-ஆம் ஆண்டில் மார்கிராப் என்னும் செருமானிய வேதியியலறிஞர் பீட்டுக் கிழங்கிலும் அதே சர்க்கரை உள்ளதெனக் கண்டார். அவ்வறிவு அரை நூற்றாண்டுக்கு மேல் பெரும்பயன் இன்றிக் கிடந்தது. பின்னர் நெப்போலியனுக்கும் இங்கிலாந்துக்கும் மூண்ட போரில் கடல்வழி வாணிகம் அடைபட்டது. சர்க்கரைக் கப்பல் வாராமையால், 1811-ஆம் ஆண்டில் நெப்போலியன் பீட்டுப் பயிரிட ஆணையிட்டு அரசாங்கப் பொருளையும் அதற்கு வழங்கினான். ஒரு வாணிகப் பகை புதியதொரு தொழிலையே தோற்றுவித்தது.

போர் முடிந்தது; பீட்டுத் தொழிலோ முடியவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் செருமனியும் ஆஸ்திரியாவும் தம் சர்க்கரையைப் புறநாடுகளுக்கு அனுப்புவோர்க்கு அரசாங்கப் பொருளிலிருந்து ஏற்றுமதிக் கொடை அளித்தன. அக்கொடையின் வலிமையால் அச்சர்க்கரை விளைந்த நாட்டினும் அயல்நாட்டில் மலிவாய் விற்றது. இந்தியத் துறைமுகங்களிலும் வந்து குவிந்தது. 1899-ஆம் ஆண்டில், கர்சன் பிரபு ஆட்சியில், இந்திய அரசாங்கம் கொடை பெற்ற சர்க்கரையின்மீது அக்கொடைக்கு ஈடான வரி விதித்தது. 1902-ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் பல பிரசெல்சு நகரிற் கூடி அக்கொடைகளைக் கைவிடுவதென உடன்படிக்கை செய்துகொண்டன. மானியம், அதற்கு எதிர்வரி, அதன்பின் உடன்படிக்கை என்னும் இம்முறை நூறாண்டு கழித்தும் மாறவில்லை. வழக்காடும் நாடுகளின் பெயர்களே மாறின.

அடுத்து வந்தது ஜாவாச் சர்க்கரை. டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த அத்தீவில் உயர்ந்த கரும்பினங்களும் பெரிய ஆலைகளும் இருந்தமையால் சர்க்கரை மிக மலிவாய் உண்டாயிற்று. 1930-ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் பண்டங்களின் விலை வீழ்ந்தபோது இந்திய உழவர் பெரிதும் நலிந்தனர். அப்போது இந்தியா முழுவதிலும் இருந்த சர்க்கரை ஆலைகள் ஏறத்தாழ 30 மட்டுமே. 1932-ஆம் ஆண்டில் சர்க்கரைத் தொழிற் காப்புச் சட்டம் இயற்றப்பட்டு அயல்நாட்டுச் சர்க்கரைமீது காப்பு வரி விதிக்கப்பட்டது. நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஆலைகளின் தொகை 130-ஐக் கடந்தது. தொழில்கள் மெல்ல வளர்வதே இயல்பு; இத்துணை விரைவாய் ஒரு தொழில் வளர்ந்ததற்கு இந்திய வரலாற்றில் வேறு சான்று காட்டுவது கடினம்.

வரி ஒன்றே இதனைச் செய்துவிட்டது என்று கருதுதல் பிழையாம். கோயம்புத்தூரில் 1912-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பர் என்பவரும் டி. எஸ். வெங்கடராமன் என்பவரும், வளமான வெள்ளைக் கரும்பை நாணல் போன்ற காட்டுக் கரும்போடு கலந்து, 1918-இல் கோ 205 என்னும் இனத்தை வெளியிட்டிருந்தனர். மெலிந்த காட்டுக் கரும்பின் வன்மையும் நாட்டுக் கரும்பின் இனிமையும் அதிற் சேர்ந்தன. அவ்வகைக் கலப்பினங்கள் வட இந்திய வயல்களில் முன்னரே பரவியிராவிடின், காப்பு வரி வெறும் விலையேற்றமாகவே முடிந்திருக்கும். அரசாங்கம் வேலி கட்டலாம். வேலிக்குள் விளைவதற்குரிய வித்தை அறிஞரும் உழவருமே தரவேண்டும்.

இந்தியாவில் ஆலைகள் பெருகியபோது, வாங்குவோரை இழந்த ஜாவாவில் ஆலைகள் பல மூடப்பட்டன. அங்கு வேலையிழந்தவரும் ஏழைக் கூலியாட்களே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

காப்பளித்த அரசாங்கம் அத்தோடு விலகிக்கொள்ளவில்லை. 1934-ஆம் ஆண்டில் சர்க்கரைமீது கலால் வரி விதித்துத் தன் பங்கை வாங்கியது. அவ்வாண்டிலேயே கரும்புச் சட்டம் ஒன்றையும் இயற்றி, ஆலைகள் உழவர்க்குக் கொடுக்கவேண்டிய குறைந்த விலையைக் குறிக்கும் உரிமையை மாகாண அரசாங்கங்களுக்கு அளித்தது. நெல்லுக்கும் சோளத்திற்கும் அக்காலத்தில் இல்லாத அவ்வேற்பாடு கரும்புக்கு மட்டும் ஏன் வந்தது என்பதை அறிதல் வேண்டும்.

நெல்லைக் குதிரில் இட்டுக் காக்கலாம். விலை ஏறும்வரை உழவர் பொறுத்திருக்கலாம். கரும்போ வெட்டிய நாள்முதல் நீர் வற்றி எடை குறையும். அதன் இனிப்பும் கெடும். ஒரு நாளுக்குள் அரைத்துவிடுவதே நலம். தொலைவிலுள்ள ஆலைக்குக் கொண்டு செல்லின் வண்டிக் கூலியே விலையைத் தின்றுவிடும். ஆகவே ஓர் ஊர்க் கரும்புக்கு வாங்குபவர் பெரும்பாலும் ஒருவரே. அவர் அவ்வூருக்கென ஒதுக்கப்பட்ட ஆலையினர். பத்துப் பன்னிரண்டு மாதம் வளர்த்த பயிரை ஒரு நாளில், ஒருவரிடத்தே, விற்றுத் தீரவேண்டிய உழவர் என்ன பேரம் பேச இயலும்? இந்நிலைக்கு மாற்றாகவே அரசாங்கம் விலையைக் குறிக்கலாயிற்று. பண்டு வயலருகே இரும்பு ஆலையை மாடு பூட்டிச் சுற்றித் தாமே வெல்லம் காய்ச்சியவர்க்கு இத்துன்பம் இத்துணை இல்லை. வெல்லம் காத்திருக்கும் பண்டம். இன்றும் சர்க்கரை ஆலையின் பணம் தாழ்க்குமெனத் தோன்றினால் உழவர் சிலர் வெல்லக் கொட்டகையை நாடுவதுண்டு.

நாடு விடுதலை பெற்றபின் கரும்பு உழவர்களே பங்கினராய்ச் சேரும் கூட்டுறவு ஆலைகள் அரசாங்க உதவியுடன் தோன்றின. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகள் அம்மரபைச் சேர்ந்தவை. 1950-ஆம் ஆண்டோடு பழைய காப்புச் சட்டம் முடிவுற்றது. விலைகுறிக்கும் வழக்கம் நிலைத்தது. 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு பெற்ற 14 நாள்களுக்குள் ஆலைகள் விலை கொடுத்தல் வேண்டும் என்றும், தவறின் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து வீதம் வட்டி சேர்த்துக் கொடுத்தல் வேண்டும் என்றும் விதித்தது. 2009-ஆம் ஆண்டுமுதல் நடுவணரசு குறிக்கும் விலை ‘நியாயமான மற்றும் ஆதாய விலை’ எனப் பெயர் பெற்றது. நூறு கிலோக் கரும்பிலிருந்து எத்துணைக் கிலோச் சர்க்கரை கிடைக்கின்றதோ அதனைப் பிழிதிறன் என்பர். பிழிதிறன் மிகுந்த ஆலையின் கரும்புக்கு விலை கூடும். குறைந்த ஆலையின் கரும்புக்குக் குறையும்.

ஆணைகள் எழுத்திற் செவ்வையாகவே உள்ளன. சர்க்கரை விலை வீழுங்கால் அவை நடைமுறையில் தடுமாறுகின்றன. கரும்பின் விலையைக் குறிப்பது அரசாங்கம். அவ்விலையைக் கொடுப்பதோ ஆலை. ஆலைக்குப் பணம் வருவதோ சந்தையில் சர்க்கரை விற்கும் விலையைப் பொறுத்தது. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று இசையாதபோது இடர்ப்படுபவர் உழவரே. 2017-18 பருவத்தில் இந்தியாவிற் சர்க்கரை சுமார் 325 இலட்சம் டன் உண்டாயிற்று. மக்கள் உண்டதோ சுமார் 250 இலட்சம் டன். மிகுந்த சர்க்கரை கிடங்குகளிற் குவிந்தது, விலை வீழ்ந்தது. 2018 மே மாத அளவில் நாடெங்கும் ஆலைகள் உழவர்க்குக் கொடுக்கவேண்டிய நிலுவை 20,000 கோடி ரூபாயைத் தாண்டியது. விளைச்சல் பெருகிய ஆண்டே வீட்டில் கடன் பெருகிய ஆண்டாக முடிந்தது.

அரசாங்கம் மீண்டும் வேலி கட்ட முற்பட்டது. 2018 பிப்ரவரியில் அயல்நாட்டுச் சர்க்கரைமீது நூற்றுக்கு நூறு வரி விதிக்கப்பட்டது. ஆலைகள் ஒரு கிலோச் சர்க்கரையை 29 ரூபாய்க்குக் குறைத்து விற்றலாகாது என அவ்வாண்டு ஜூனில் விதிக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் அது 31 ரூபாய் ஆயிற்று. மிகுந்த சர்க்கரையைப் புறநாடுகளுக்கு அனுப்புவதற்கு உதவித்தொகையும் அளிக்கப்பட்டது. 2019-20 பருவத்தில் 60 இலட்சம் டன் வரை, டன் ஒன்றுக்கு 10,448 ரூபாய் வீதம் அவ்வுதவி அறிவிக்கப்பட்டது. அப்பணத்தைக் கரும்பு நிலுவை தீர்ப்பதற்கென வகுத்தனர்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் செருமனியின் கொடைக்கு எதிராக வரி விதித்த இந்தியா, இப்போது கொடை அளிக்கும் நாடாக நின்றது. பிரேசில், ஆஸ்திரேலியா, குவாதமாலா என்னும் மூன்று நாடுகள் 2019-ஆம் ஆண்டில் ஜெனீவாவிலுள்ள உலக வணிக அமைப்பில் இந்தியாவின்மேல் முறையிட்டன. பிரேசில் உலகிலேயே மிகுதியான சர்க்கரையை ஏற்றுமதி செய்யும் நாடு. பிரேசிலும் ஆஸ்திரேலியாவும் தாய்லாந்துடன் சேர்ந்து முன்னரே ஐரோப்பிய ஒன்றியத்தின்மேல் இத்தகைய வழக்குத் தொடுத்து, 2005-ஆம் ஆண்டில் முடிவான வெற்றி பெற்றிருந்தன. இந்தியாவின் உதவித்தொகையால் உலகச் சந்தையில் சர்க்கரை பெருகி விலை வீழ்கின்றது, தம் உழவர் நலிகின்றனர் என்பது அவற்றின் குற்றச்சாட்டு.

வழக்கின் நுட்பம் ஒரு வினாவில் அடங்கியிருந்தது. அரசாங்கம் விலையை மட்டும் குறிக்கின்றது. பணத்தை ஆலை கொடுக்கின்றது. இது மானியம் ஆகுமா? ஆகாது என்றது இந்தியா. கருவூலத்திலிருந்து காசு செல்லாதபோது அதனை அரசின் உதவியெனக் கணக்கிடுதல் எவ்வாறு பொருந்தும் என்பது அதன் வாதம். நடுவர் குழு அவ்வாதத்தை ஏற்கவில்லை. அரசின் ஆணையால் உழவர்க்குச் சந்தை விலையினும் மிகுந்த விலை கிடைக்கின்றதாயின் அதுவும் உதவியே என்று 2021 டிசம்பர் 14-இல் வெளியிட்ட அறிக்கையிற் கூறிற்று. இந்தியா போன்ற வளரும் நாடுகள், விளைபொருளின் மொத்த மதிப்பில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இத்தகைய உதவி அளித்தலாகாது என்பது அவ்வமைப்பின் விதி. 2014-15 முதல் 2018-19 வரை ஐந்து பருவங்களிலும் இந்தியா அவ்வெல்லையைக் கடந்தது என்றும், ஏற்றுமதி உதவி விதிக்கு மாறானது என்றும் குழு முடிவு செய்தது.

இக்கணக்கில் ஒரு விந்தை உண்டு. இன்றைய கரும்பு விலை மிகுதியா அன்றா என்பதை அளப்பதற்கு விதி காட்டும் அளவுகோல், 1986 முதல் 1988 வரை நிலவிய விலையாகும். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளிற் கூலி ஏறிற்று, உரவிலை ஏறிற்று, பணத்தின் மதிப்பே இறங்கிற்று. அளவுகோல் மட்டும் நகரவில்லை. கள்ளக்குறிச்சி உழவர் பெறும் விலை அக்கோலால் அளக்கப்படின் மலைபோல் தோன்றுதல் வியப்பன்று. இவ்வளவில் இந்தியாவின் மனக்குறை நேரியதே. ஏற்றுமதிக்குக் கொடுத்த உதவியைப் பற்றி அவ்வாறு கூறுதற்கில்லை. 1899-இல் அயல்நாட்டுக் கொடையால் இந்தியக் கரும்பு உழவர் அடைந்த இடர் உண்மையாயின், இந்தியக் கொடையால் குவாதமாலாவின் கரும்பு வெட்டுவோர் அடையும் இடரும் உண்மையே.

இந்தியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டை விசாரிக்க வேண்டிய அவையிலோ 2019 டிசம்பர் முதல் போதிய உறுப்பினர் இல்லை. புதிய உறுப்பினரை நியமிப்பதற்கு அமெரிக்கா இசையாமையே காரணம். நடுவர் இல்லாத மன்றத்தில் வழக்கு நின்றது.

சர்க்கரைக்கு நேர்ந்தது சர்க்கரைக்கு மட்டும் உரியதன்று. இக்காலத்து மாணவர் நாள்தோறும் காணும் கைப்பேசியினுள் நகத்தளவான ஒரு சில்லு உள்ளது. அது சிலிக்கன் என்னும் குறைகடத்தியால் ஆனது. குறைகடத்தியாவது, செம்பைப்போல் மின்சாரத்தை முழுதும் கடத்தாமலும் கண்ணாடியைப்போல் முழுதும் தடுக்காமலும், வேண்டும்போது விடவும் வேண்டாதபோது நிறுத்தவும் இடந்தரும் பொருள். இச்சில்லுகளைப் பற்றி அமெரிக்காவும் ஜப்பானும் 1986-இல் உடன்படிக்கை செய்தன. மறு ஆண்டிலேயே ஜப்பான் அதனைப் பேணவில்லை என்று கூறி, அந்நாட்டுப் பொருள்கள் சிலவற்றின்மேல் அமெரிக்கா நூற்றுக்கு நூறு வரி விதித்தது. 2022 ஆகஸ்டில் தன் நாட்டுச் சில்லுத் தொழிலுக்கென அமெரிக்கா சுமார் 5,270 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் உயர்ந்த சில்லுகளும் அவற்றை ஆக்கும் எந்திரங்களும் சீனத்திற்குச் செல்லாவாறு தடை செய்தது. சீனம் 2023 ஆகஸ்டு முதல், சில்லுத் தொழிலுக்கு வேண்டிய காலியம், செர்மானியம் என்னும் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. இந்தியாவும் 2021 டிசம்பரில் இத்தொழிலுக்கு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. குசராத்திலுள்ள தோலேராவில் 91,000 கோடி ரூபாய்ச் செலவில் அமையும் சில்லு ஆலைக்கு 2024 பிப்ரவரியில் இசைவளிக்கப்பட்டது. இத்தகைய ஆலைக்கு ஆகும் செலவில் பாதியை நடுவணரசே ஏற்கும் என்பது திட்டம்.

கரும்புக்கும் சில்லுக்கும் அளிக்கும் உதவியில் ஒரு வேறுபாடு உண்டு. சில்லு ஆலை ஒரு சில்லையேனும் விற்பதற்கு முன் பல்லாயிரம் கோடியை விழுங்கும். ஆதலின் அரசாங்கம் ஆலை கட்டுவோர் கையிலேயே பணத்தைக் கொடுக்கின்றது. கரும்பிலோ ஓர் ஆலைக்கு ஆயிரக்கணக்கான சிறு உழவர் உளர். அவர்க்கெனக் குறித்த விலை ஆலையின் வழியே வரவேண்டியிருக்கின்றது. ஆலையில் நின்றுபோயின் உழவர் வீட்டை எட்டுவதில்லை.

இதற்குள் உலகச் சந்தையின் காற்றுத் திசை மாறிற்று. 2021-22 பருவத்தில் இந்தியா சுமார் 110 இலட்சம் டன் சர்க்கரையை ஏற்றுமதி செய்தது. உலக விலை நன்றாக இருந்தமையால் மானியம் வேண்டியிருக்கவில்லை. அப்போது அரசாங்கத்திற்கு வேறோர் அச்சம் தோன்றியது. உள்நாட்டிற் சர்க்கரை விலை ஏறிவிடலாகாதே என்பது. 2022 ஜூன் முதல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அனுப்புவோர்க்குப் பணம் கொடுத்த அதே அரசாங்கம், மூன்றாண்டுக்குள் அனுப்பாதே எனத் தடுத்தது. மிகுந்த கரும்பை எத்தனாலாக மாற்றிப் பெட்ரோலிற் கலக்கும் திட்டமும் ஆலைகளுக்கு ஊக்கம் தந்தது; விளைச்சல் குறையுமென்று தோன்றிய 2023 டிசம்பரில், கரும்புச் சாற்றை எத்தனாலுக்குப் பயன்படுத்தலாகாது என்று ஆணை பிறந்து, சிறிது தளர்த்தப்பட்டு, 2024 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. கரும்போ பன்னிரண்டு மாதப் பயிர். கரணை நடும்போது இருந்த ஆணை வெட்டும்போது இருக்குமா என்பதை உழவர் எங்ஙனம் அறிவார்?

2024-25 பருவத்திற்கு நடுவணரசு குறித்த விலை, பிழிதிறன் 10.25 விழுக்காடாயின் குவிண்டாலுக்கு 340 ரூபாய்; 9.5 விழுக்காடோ அதற்குக் குறைவோ ஆயின் 315 ரூபாய் 10 காசு. தமிழ்நாட்டு ஆலைகள் பலவற்றில் பிழிதிறன் 9.5-ஐ எட்டுவதில்லை. மலையிற் பெய்த மழை, வெட்டு உத்தரவு வந்த நாள், வெட்டியபின் வண்டி காத்திருந்த நேரம் ஆகிய யாவும் அந்தச் சிறு எண்ணிற்குள் அடங்கியுள்ளன. எனவே டன் ஒன்றுக்கு உழவர்க்குரிய விலை 3,151 ரூபாய் ஆயிற்று. அதன்மேல் தமிழக அரசு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை அறிவித்து 3,500 ஆக நிரப்பியது.

கச்சிராயபாளையத்து எடைமேடையில் வண்டி ஏறி இறங்கியதும் உழவர் கையில் ஒரு சீட்டுத் தரப்படுகின்றது. அதில் எடை மட்டும் இருக்கும். நடுவணரசு குறித்த விலை ஆலையிலிருந்து வரவேண்டும். ஊக்கத்தொகை சென்னைக் கருவூலத்திலிருந்து வரவேண்டும். இரண்டும் ஒரே நாளில் வருவதில்லை. உழவர் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மறுதாம்புக்கு நீர் பாய்ச்சும் முறை தமக்கு என்று வருகின்றதெனக் கேட்டவாறே வண்டியைத் திருப்புகின்றார்.